இறுவட்டில் ஓர் இரவு

நானுஓயாவிலிருந்து இராகலைக்கு ஒரு காலத்தில் குறுகிய தண்டவாளத்தில் சிறு ரயில் ஒன்று மூச்சிரைக்க ஏறிச் சென்ற பாதையில், கடல் மட்டத்துக்கு ஆறாயிரம் அடிக்கு மேலே, ஒரு புறம் தேயிலையும் மறு புறம் லீக்ஸும் உருளைக்கிழங்கும் விளையும் சரிவுகளின் நடுவே இருக்கிறது கந்தப்பளை. மாசி மாதத்து இரவுகளில் அங்கே இறங்கும் குளிர் எலும்பைத் தொடும். ஆயினும் அந்தக் குளிரிலேதான் தோட்டத்து ஜனங்கள், லயங்களுக்கு அருகேயுள்ள காமன் பொட்டலில் கம்பம் ஊன்றி, தப்பு முழங்க, மன்மதனும் ரதியும் வேஷம் கட்டி ஆட, சிவபெருமானின் நெற்றிக்கண் பட்டுக் காமன் எரிந்து சாம்பராகும் கதையை விடிய விடியக் கூத்தாக நடத்துகிறார்கள். அப்படியொரு கூத்தைக் கையடக்கமான மினிடிவி கெமராவினால் படம் பிடிக்கும் பாக்கியம் பல ஆண்டுகளுக்கு முன் எனக்குக் கிடைத்தது. ஒவ்வொன்றும் 60 நிமிஷம் ஓடக்கூடிய கெசட்டுகள் நான்கு நிறைந்தன.

அப்போது லயத்து வீடுகளில் கணினி இருக்கவில்லை. டிவிடி பிளேயர் இருந்தது. ஆகவே கூத்தில் ஆடியவர்களும் அடித்தவர்களும் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டுமானால் அந்த நான்கு மணி நேரத்தை இறுவட்டில் ஏற்றியாக வேண்டும் என்று, கெசட்டுகளை ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். மூன்றாம் நாள் ஒரே ஓர் இறுவட்டு வந்தது. போட்டுப் பார்த்தோம். கூத்து தொடங்கும்வரை படம் ஒருவாறு சகித்துக்கொள்ளக்கூடியதாக இருந்தது. தீ மூட்டப்பட்ட க்ஷணத்தில், சுவாலையும் புகையும் சுற்றி நின்ற ஜனங்களின் முகங்களும் ஒன்றோடொன்று கலந்து பெரிய பெரிய சதுரங்களாகச் சிதறின. காமன் சாம்பராகவில்லை, கட்டம் கட்டமாக உடைந்துபோனான். கடைக்காரரோ, "நாலு மணித்தியாலத்த ஒரு டிஸ்க்ல அடைச்சா இப்பிடித்தான் வரும்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் பாதி உண்மை. மற்றப் பாதி என்ன என்பதைக் கண்டுபிடிக்க நான் மேற்கொண்ட பிரயாசையே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

முதலில், அடைக்கப்படும் பாத்திரத்தின் கொள்ளளவு என்ன என்று பார்த்துவிடுவது நல்லது. இறுவட்டின் குறுக்களவு 120 மில்லிமீட்டர்; தடிப்பு 1.2 மில்லிமீட்டர், அதுவும் 0.6 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரண்டு தகடுகளை ஒட்டிச் செய்தது. உள்வட்டத்திலிருந்து வெளிவட்டத்தை நோக்கிச் சுருள் சுருளாகச் செல்லும் ஒரே தடம். அந்தச் சுருளின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் உள்ள இடைவெளி 0.74 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் முக்கால் பங்கு. இந்தச் சுருளைப் பிரித்து நேராக நீட்ட முடியுமானால் அது ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளும்; கந்தப்பளையில் பஸ் ஏறி நுவரெலியாவில் இறங்குகிறவர் கடக்கும் தூரத்தோடு ஒப்பிடத்தக்க ஒரு பாதை உள்ளங்கையகலத் தட்டில் சுருண்டு கிடக்கிறது. கடையில் வாங்கும் வெற்றுத் தட்டில் அந்தப் பாதை நெடுகிலும் ஒரு சாயம் பூசப்பட்டிருக்கும். 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர்க் கிரணம் வேண்டிய இடங்களில் அந்தச் சாயத்தைச் சுட்டு மாற்றிவிட, சுட்ட இடமும் சுடாத இடமும் ஒளியை வெவ்வேறு அளவில் திருப்பியனுப்புவதைக் கொண்டு பிளேயர் தகவலைப் படித்துக்கொள்கிறது. இதனால்தான் இறுவட்டை "எரிப்பது" என்கிறோம்.

அட்டையில் 4.7 கிகாபைட் என்று அச்சிட்டிருக்கும் தட்டைக் கணினியில் இட்டால் 4.38 என்றே அது காட்டும். மீதியை யாரோ அபகரித்துவிட்டார்கள் என்று சந்தேகிப்போர் இன்றும் உண்டு. தோட்டங்களில் கொழுந்தை ராத்தலில் நிறுத்த காலத்தையும் கிலோவில் நிறுக்கும் காலத்தையும் ஒருங்கே கண்டவர்களுக்கு இது விளங்காத சங்கதியல்ல. கூடையில் உள்ள கொழுந்து அதேதான். அலகு மாறினால் எண் மாறும். தட்டு செய்பவர் ஒரு கிகா என்பதை நூறு கோடி என்று கொள்கிறார். கணினியின் மென்பொருளோ அதையே 2ஐ 30 தடவை பெருக்கி வரும் 107,37,41,824 என்று கொள்கிறது. 470 கோடியைப் பின்னதால் வகுத்தால் 4.38. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தண்ணீருக்கென்றும் கூடைக்கென்றும் கழிப்பார்களே, அந்த வகைக் கழிவு இங்கே கிடையாது. ஆனால் வேறொரு நுணுக்கம் உண்டு: டிவிடி-ஆர் என்னும் ஜாதித் தட்டு 470,73,19,808 பைட்டுகளைக் கொள்ளும்; டிவிடி பிளஸ் ஆர் என்னும் ஜாதி 470,03,72,992 பைட்டுகளையே கொள்ளும். ஒன்றில் விளிம்புவரை நிரம்பி உட்கார்ந்த படம் மற்றொன்றில் இடமில்லை என்று வெளியே நிற்பது இதனால்தான்.

இனி, அடைக்கப்படும் பொருளுக்கு வருவோம். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறைப்படி ஒரு சட்டகம் என்பது அகலத்தில் 720 புள்ளிகளும் உயரத்தில் 576 புள்ளிகளும் கொண்டது. ஒரு விநாடிக்கு இப்படி 25 சட்டகங்கள். ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் தனித்தனியே குறித்து, நிறத்தை மட்டும் நான்கு புள்ளிகளுக்கு ஒரு முறை குறித்தாலும், ஒரு சட்டகத்துக்கு 6,22,080 பைட்டுகள் வேண்டும்; ஒரு விநாடிக்கு ஒன்றரைக் கோடிக்கும் மேல். இந்த வேகத்தில் ஊற்றினால் இறுவட்டு ஐந்தே நிமிஷத்தில் நிரம்பிவிடும். கூத்தில் கட்டியங்காரன் சபைக்கு வந்தனம் சொல்லி முடிப்பதற்குக்கூட அது போதாது.

இங்கே நிறத்தைப் பற்றிப் போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தையில் முழு சாஸ்திரமும் அடங்கியிருக்கிறது. நான்கு புள்ளிகளுக்கு ஒரு நிறம் போதும் என்று தீர்மானித்தது யார்? நம் கண்தான். வெளிச்சத்தின் ஏற்றத்தாழ்வைக் கூர்மையாகப் பிரித்தறியும் மானிடக் கண், நிறத்தின் எல்லையை அவ்வளவு கூர்மையாக அறியாது. ஆகவே நிறத் தகவலின் முக்கால் பங்கைத் தொடக்கத்திலேயே வீசியெறிந்தாலும் ஒருவரும் முறைப்பாடு செய்வதில்லை. படத்தைச் சுருக்குவது என்று நாம் சொல்லுவது உண்மையில் இத்தகைய கைவிடுதல்களின் வரிசையே; எதைக் கைவிட்டால் பார்ப்பவருக்குத் தெரியாது என்று அறிந்திருப்பதே அதில் உள்ள சாமர்த்தியம்.

தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில் வாட்டுவதற்குப் பரப்பியிருக்கும் பச்சைக் கொழுந்தைப் பார்த்தவர்கள் இதை எளிதில் ஒப்புக்கொள்வார்கள். ஏறக்குறைய நாலரை கிலோ கொழுந்திலிருந்து ஒரு கிலோ தூள் கிடைக்கிறது. போனதெல்லாம் பெரும்பாலும் தண்ணீர். மணமும் சாரமும் நிற்க, நீர் மட்டும் போக வேண்டும் என்பதற்காகத்தான் வாட்டுதலும் அரைத்தலும் உலர்த்துதலும் இத்தனை நிதானத்துடன் நடக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், என் மினிடிவி கெமராவும் ஏறக்குறைய அதே விகிதத்தில்தான் படத்தை உலர்த்துகிறது: ஒரு பைட்டுக்கு எட்டுப் பிட்டுகள் என்ற கணக்கில் விநாடிக்கு 12 கோடியே 40 லட்சம் பிட்டுகளாக இருக்கவேண்டிய படத்தை அது இரண்டரைக் கோடிக்குக் கொண்டுவருகிறது, அதாவது ஐந்துக்கு ஒன்று. ஒலியும் இதர குறிப்புகளும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு 13 கிகாபைட். என் நான்கு கெசட்டுகளுக்கு 52 கிகாபைட். தட்டிலோ இடம் 4.7. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த தூளை இன்னும் பதினொரு பங்காகக் குறைத்துத் தா என்று கேட்பதைப் போன்றது இந்தக் கோரிக்கை.

நண்பர் ஒருவர், "ஸிப் போட்டுப் பார்த்தாயா?" என்று கேட்டார். கடிதத்தையோ கணக்கேட்டையோ ஸிப் செய்தால் பாதிக்கும் கீழே சுருங்குவதைக் கண்டவர் அவர். அந்த முறை ஓர் எழுத்தையும் இழக்காமல், அடிக்கடி வருவதற்குச் சிறிய சங்கேதமும் அபூர்வமாக வருவதற்கு நீண்ட சங்கேதமும் கொடுத்து இடத்தை மிச்சப்படுத்துவது. டேவிட் ஹஃப்மன் என்பவர் மாணவராக இருந்தபோது, இறுதிப் பரீட்சைக்குப் பதிலாக எழுதிய கட்டுரையில் இதற்குரிய மிகச் சிறந்த வழியைக் கண்டுபிடித்து 1952இல் வெளியிட்டார். ஆனால் படக் கோப்பு ஏற்கெனவே அந்த வகையில் உலர்த்தப்பட்டது. உலர்ந்த தூளில் பிழிய நீர் ஏது? மணிக்கணக்கில் ஓடிய ஸிப் கடைசியில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் குறைத்துக் கொடுத்தது. ஆகவே இழந்துதான் சுருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

எதை இழப்பது? ஹெதர்செட் தோட்டத்தில், இன்று ஹோட்டலாகிவிட்ட பழைய தேயிலைத் தொழிற்சாலை நிற்கும் மேட்டிலிருந்து எதிர்மலையைப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது மலையின் சரிவு, ஒரு புறம் வெளிச்சமும் மறு புறம் நிழலுமாக. அதற்கு மேலே தேயிலை நிரைகளின் வரிகள். அந்த வரிகளுக்குள்ளே ஒவ்வொரு செடியின் உருண்டை; செடிக்குள்ளே இலை. நம் பெரியோர்கள் ஸ்தூலம், சூட்சுமம் என்று பிரித்தார்களே, ஒரு காட்சியையும் அப்படிப் பிரிக்கலாம்: சரிவு ஸ்தூலம், இலை சூட்சுமம், நிரை இரண்டுக்கும் நடு. தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு ஸ்தூலம் இல்லாமல் மலையே இல்லை. சூட்சுமத்தில் பாதி போனாலும் மலை மலைதான்.

இந்தப் பிரிவினையைக் கணிதத்தில் செய்து காட்டிய கட்டுரை 1974ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியானது. எழுதியவர்கள் மூவர்: பெங்களூரில் பிறந்து அமெரிக்காவில் கான்சஸ் மாகாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த நசீர் அகமது, அவரிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்த டி. நடராஜன், சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் 1952இல் பட்டம் பெற்று, பிற்காலத்தில் டெக்சாஸுக்குச் சென்ற கே. ஆர். ராவ். இதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. இவ்வளவுக்கும், இந்த யோசனையை ஆராய நிதி கேட்டு நசீர் அகமது 1972இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞான நிறுவனத்துக்கு விண்ணப்பித்தபோது, விஷயம் மிகவும் எளிதாக இருக்கிறது என்ற அபிப்பிராயத்தின் பேரில் அது நிராகரிக்கப்பட்டதாம். எளிமையைக் குற்றமாகக் கொண்ட பரிசீலகர்களை நாம் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. சம்பளமில்லாத கோடை விடுமுறையிலும் அந்த யோசனையை விடாமல் பிடித்துக்கொண்ட ஆசிரியரை வியந்தால் போதும். இன்று உலகில் தரவிறக்கப்படும் படங்களிலும் காணொளிகளிலும் பெரும்பாலானவை அந்த "எளிய" கணிதத்தின் வழியாகவோ அதன் வாரிசுகளின் வழியாகவோதான் கடந்து வருகின்றன.

அதன் செய்முறை இது. சட்டகத்தை 8 புள்ளி அகலமும் 8 புள்ளி உயரமும் உள்ள கட்டங்களாக வெட்டுகிறார்கள். ஒரு கட்டத்தில் 64 புள்ளிகள், 64 வெளிச்ச எண்கள். இந்த 64 எண்களுக்குப் பதிலாக வேறு 64 எண்களை எழுதலாம்: முதலாவது கட்டத்தின் சராசரி வெளிச்சம், அடுத்தவை இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் மெல்லச் சரியும் சரிவுகள் எவ்வளவு என்பன, அதற்கடுத்தவை ஓர் அலை, இரண்டு அலை, மூன்று அலை என்று வரவர நெருங்கும் நிரைகள், கடைசியில் புள்ளிக்குப் புள்ளி மாறும் மிகச் சூட்சுமமான நெளிவுகள். இதுவரை எதுவும் இழக்கப்படவில்லை. இந்த 64 எண்களிலிருந்து பழைய 64 எண்களை அப்படியே மீட்கலாம். ஆனால் கூர்ந்து பார்த்தால் சராசரியும் முதற் சில சரிவுகளும் பெரிய எண்களாகவும், சூட்சும நெளிவுகள் அற்ப எண்களாகவும் இருக்கும். இப்போதுதான் கத்தி இறங்குகிறது. எல்லா எண்களையும் ஒரு பிரமாண எண்ணால் வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டு அண்மையிலுள்ள முழு எண்ணை எழுதுகிறார்கள். 45, 18, 7 என்ற மூன்று எண்களை 16ஆல் வகுத்தால் 3, 1, 0 என்று ஆகும். பிளேயர் அவற்றைத் திரும்ப 16ஆல் பெருக்கி 48, 16, 0 என்று கொள்ளும். 40ஆல் வகுத்தாலோ 1, 0, 0; மீட்கும்போது 40, 0, 0. வகுக்கும் எண் பெருகப் பெருகப் பூச்சியங்கள் பெருகும், பூச்சியங்களின் நீண்ட வரிசையை "இனி ஒன்றுமில்லை" என்று ஒரே சங்கேதத்தில் எழுதிவிடலாம், கோப்பு சிறுக்கும். வகுக்கும் எண் மிகையாகும்போது ஒவ்வொரு கட்டத்திலும் சராசரி மட்டுமே மிஞ்சி, அடுத்தடுத்த கட்டங்களின் ஓரங்கள் வெளியே தெரியத் தொடங்கும். காமன் உடைந்த சதுரங்கள் எவை என்று இப்போது புலனாயிற்று. அவை வேறெதுவுமல்ல, சூட்சுமம் முழுவதும் பறிபோன ஸ்தூலங்கள்.

இது ஒரு சட்டகத்துக்குள் நடக்கும் சிக்கனம். இறுவட்டில் பயன்படும் எம்பெக்-2 என்னும் முறைக்கு இன்னொரு சிக்கனமும் தெரியும், அது என் கெமராவுக்குத் தெரியாது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை மாதத்தின் முதல் நாள் செக்ரோல் என்னும் வரவுப் பதிவேட்டில் எல்லாப் பேரையும் எழுதுகிறார். மறுநாளும் அத்தனை பேரையும் புதிதாக எழுதிக்கொண்டிருப்பதில்லை, யார் வந்தார், யார் வரவில்லை என்பதை மட்டும் குறிக்கிறார். கூத்தில் பின்னாலுள்ள மலையும் லயத்துக் கூரையும் அசைவதில்லை. ரதி இரண்டடி இடப்புறம் நகர்கிறாள். ஆகவே அரை விநாடிக்கு ஒரு முறை ஒரு சட்டகத்தை முழுமையாக எழுதிவிட்டு, இடையிலுள்ளவற்றுக்கு "முந்தியதில் இந்த 16க்கு 16 புள்ளிப் பகுதியை இவ்வளவு இடப்புறம் நகர்த்திக்கொள், மிச்ச வித்தியாசம் இதுதான்" என்று மட்டும் எழுதினால் போதும். முன்னே உள்ள சட்டகத்தையும் பின்னே வரப்போகும் சட்டகத்தையும் ஏககாலத்தில் பார்த்து நடுவிலுள்ளதை ஊகிக்கும் சட்டகங்களும் உண்டு. மிகக் குறைந்த செலவில் முடிபவை அவையே.

இந்த முறைக்கும் சத்துருக்கள் உண்டு; துர்ப்பாக்கியவசமாக அந்தச் சத்துருக்கள் யாவரும் கந்தப்பளையில் மாசி இரவில் ஒன்றுகூடுகிறார்கள். தீச்சுவாலை முந்திய சட்டகத்தில் எங்கே இருந்தது என்பதைக் கொண்டு அடுத்ததில் எங்கே இருக்கும் என்று ஊகிக்க இயலாது. அது நகர்வதில்லை, புதிதாகப் பிறக்கிறது. பறக்கும் தீப்பொறி ஒவ்வொன்றும் ஒரு தனிச் சூட்சுமம். இருட்டில் கெமரா தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்ளும்போது படமெங்கும் மணல் தூவியது போன்று ஓர் இரைச்சல் படிகிறது. அது கண்ணுக்குப் பயனற்றது, ஆனால் சட்டகத்துக்குச் சட்டகம் மாறுவதால் சங்கேதத்துக்கோ ஒவ்வொரு மணலும் புதிய செய்தி. பனிமூட்டமோ வேறு வகைச் சத்துரு: வெண்மையிலிருந்து கருமைக்கு அது மிக மெதுவாகச் சரிவதால், அந்த மென்சரிவைக் குறிக்கும் அற்ப எண்கள் வகுத்தலில் அடிபட்டுப்போக, மூட்டம் படிக்கட்டுப் படிக்கட்டாக நிற்கும். பகலில், முக்காலியில் நிறுத்திய கெமராவில், ஒருவர் நின்று பேசும் பிரசங்கத்தை நான்கு மணி நேரம் ஒரே தட்டில் ஏற்றினாலும் ஓரளவு பார்க்கலாம். காமன் கூத்தை ஏற்றுவது அப்படிப்பட்ட காரியமன்று.

இப்போது கடைக்காரரின் கணக்கைத் திருத்துவோம். தட்டு கொள்ளும் 470 கோடி பைட்டுகள் என்பது 3760 கோடி பிட்டுகள். நான்கு மணி நேரம் என்பது 14,400 விநாடிகள். வகுத்தால் விநாடிக்கு 26 லட்சம் பிட்டுகள் கிடைக்கும். இதுதான் எல்லோருக்கும் பொதுவான ஒரே சூத்திரம்: இடத்தை நேரத்தால் வகு. இரண்டு மணிப் படத்துக்கு 52 லட்சம் கிடைக்கும். மூன்று மணி ஓடும் தமிழ்ப் படத்துக்கு ஏறத்தாழ 35 லட்சம். ஒரு மணி நேரமே ஓடும் படத்துக்கு ஒரு கோடிக்குச் சற்று மேல், ஆனால் இறுவட்டுப் படத்தில் காட்சிக்கென்று விநாடிக்கு 98 லட்சத்துக்கு மேல் கொடுக்க விதி அனுமதிக்காது. 26 லட்சம் என்பது இருட்டுக் கூத்துக்குப் போதாதுதான். எனினும் இவ்வளவு அலங்கோலத்தை அது விளைவித்திருக்காது என்று எனக்குத் தோன்றியது. தட்டைக் கணினியில் போட்டு ஒலியின் வகையைப் பார்த்தேன். விநாடிக்கு 48,000 மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் 16 பிட்டுகள், இடதும் வலதுமாக இரண்டு தடங்கள்: சுருக்கப்படாத ஒலி, விநாடிக்கு 15 லட்சத்து 36 ஆயிரம் பிட்டுகள்! நான்கு மணி நேரத்துக்கு அது 2.76 கிகாபைட். 4.7 கிகாபைட் தட்டில் பாதிக்கு மேல் ஒலியே உட்கார்ந்துகொண்டு, படத்துக்கு விநாடிக்குப் பத்து லட்சத்தை மட்டும் விட்டுக்கொடுத்திருந்தது. மென்பொருளில் யாரும் மாற்றாமல் விட்ட ஓர் அமைப்பினால் வந்த வினை இது. அதே ஒலியை 2,24,000 பிட்டுகளில் எழுதினால், பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலிபெருக்கியில் கேட்கிற எவருக்கும் வித்தியாசம் தெரியாது.

ஆகவே இரண்டு தீர்மானங்கள் செய்தோம்: ஒலியைச் சுருக்குவது, இரவை இரண்டு தட்டுகளாகப் பிரிப்பது. இரட்டை அடுக்குள்ள 8.5 கிகாபைட் தட்டு ஒன்றே போதுமே என்று கேட்கலாம். அதன் விலை அப்போது அதிகம், பழைய பிளேயர்கள் சில அதைக் கண்டால் முகம் திருப்பிக்கொள்ளும். இன்னொரு வழி, படத்தின் அகலத்தை 720இலிருந்து 352 புள்ளிகளாகக் குறைப்பது. இறுவட்டு விதி அதை அனுமதிக்கிறது, பிளேயர் இழுத்து நிரப்பிக் காட்டும். சதுரங்களைக் காட்டிலும் சற்று மங்கலான படம் கண்ணுக்கு இதமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரே தட்டுதான் கதி என்றால் அதைத்தான் செய்திருப்பேன். ஏற்கெனவே எம்பெக்-2ஆக இருக்கும் 8 கிகாபைட் படத்தை 4.7க்குக் கொண்டுவர டிவிடி ஷ்ரிங்க் போன்ற மென்பொருள்கள் செய்வதோ, வகுத்த எண்களையே இன்னும் பெரிய எண்ணால் மறுபடி வகுப்பதுதான். அசைவுகளை மறுபடி தேடாததால் வேகம் அதிகம், நூற்றுக்கு இருபது குறைப்பதற்கு அது நல்லது, பாதியாக்குவதற்கு அன்று. கெசட்டே கையில் இருக்கும்போது அந்தக் குறுக்கு வழி எனக்குத் தேவைப்படவில்லை.

எங்களுக்கு உதவியது இருமுறை ஓட்டம். காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களைப் பிரிப்பவர், எந்த மலையில் கொழுந்து தள்ளி நிற்கிறது, எந்த மலை இன்னும் துளிர்க்காமல் பஞ்சிதட்டிக் கிடக்கிறது என்று முன்னமே சுற்றிப் பார்த்திருந்தால் ஐந்தாம் நம்பர் மலைக்கு முப்பது பேரையும் ஏழாம் நம்பருக்குப் பத்துப் பேரையும் அனுப்புவார். பாராதவர் எல்லா மலைக்கும் இருபது இருபதாக அனுப்பிவிட்டு மாலையில் மடுவத்தில் தலையைச் சொறிவார். கடைக்காரரின் மென்பொருள் பின்னவரைப் போல, ஆடாமல் நிற்கும் வந்தனக் கட்டத்துக்கும் தீக்கும் ஒரே அளவு பிட்டுகளை வழங்கியிருந்தது. இருமுறை ஓட்டத்தில் மென்பொருள் முதற் தடவை படம் முழுவதையும் பார்த்து எந்த விநாடி எவ்வளவு கடினம் என்று குறிப்பெடுத்துக்கொள்கிறது, எதையும் எழுதுவதில்லை. இரண்டாம் தடவையில் எளிய இடங்களில் மிச்சம் பிடித்துத் தீ எழும் இடத்தில் தாராளமாகச் செலவழிக்கிறது. மொத்தம் மட்டும் தட்டின் அளவைத் தாண்டாது. இதற்குமுன் இருட்டின் மணலை மெல்ல வழித்தெடுக்கும் வடிகட்டி ஒன்றையும் ஓட்டினேன். பயனற்ற அந்த இரைச்சல் போனதில் தீக்கு இன்னும் கொஞ்சம் கிடைத்தது. அந்தக் காலத்துக் கணினி ஒரு தட்டுக்கு ஓர் இரவும் அரைப் பகலும் எடுத்துக்கொண்டது.

பிட்டுகளை மேலும் மிச்சப்படுத்தும் ஆசையில் நான் ஒரு காரியம் செய்தேன். முதற் தட்டில் வேடக்காரர் வெளிவருவதற்கு முன், தப்பு அடிப்பவர்கள் வைக்கோலைக் கொளுத்தி அந்தத் தீயில் தோலைக் காட்டிக் காய்ச்சுவது 11 நிமிஷம் ஓடியது. இடையிடையே ஓர் அடி, பிறகு மௌனம், மறுபடி தீ. கதைக்குச் சம்பந்தமில்லாதது, இருட்டும் நெருப்புமாகப் பிட்டுகளை விழுங்குவது என்று கருதி அதை முழுவதும் வெட்டினேன். முதற் தட்டு 120 நிமிஷத்திலிருந்து 109 ஆயிற்று. விநாடிக்கு 52 லட்சமாக இருந்த பங்கு 57 லட்சமாக உயர்ந்தது. காமன் தகனம் இரண்டாம் தட்டில் சதுரமின்றி எரிந்தது.

இரண்டு தட்டுகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்தில் போட்டுக் காட்டினேன். சிறுவர்கள் தங்கள் மாமன்மார் ரதியாகச் சேலை கட்டி ஆடுவதைக் கண்டு சிரித்தார்கள். தப்பு அடித்த முதியவர் ஒருவர் முன்வரிசையில் பாயில் உட்கார்ந்து, படத்தைப் பார்க்காமல் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முதல் அடி விழுந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"தப்பு காய்ச்சினத எங்க தம்பி?"

"அது நீளமா இருந்திச்சு தாத்தா, இடம் பத்தல. வெட்டிட்டேன்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, பக்கத்தில் இருந்த தம் பேரனிடம், தோல் எவ்வளவு காய்ந்தால் எந்தச் சத்தம் வரும், பனி பெய்கிற இரவில் எத்தனை தடவை மறுபடி காய்ச்ச வேண்டும், தீயில் எவ்வளவு நேரம் காட்டினால் தோல் வெடித்துவிடும் என்றெல்லாம் கைகளால் காட்டத் தொடங்கினார். கையில் தப்பில்லை, காட்டுவதற்குத் தீயும் இல்லை.

அன்றிரவே கணக்கை மறுபடி போட்டேன். 109 நிமிஷத்தோடு 11 நிமிஷம், 7,200 விநாடி, ஒலி போகப் படத்துக்கு விநாடிக்கு ஏறத்தாழ 50 லட்சம். கணினியை ஓடவிட்டுப் படுத்தேன்.